“மேலே” என்றால் யார்?

கொள்ளிடத்துக்கு வடக்கே, தா.பழூரில், ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். மாளிகை அல்ல. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அரசு தரும் மூன்றரை இலட்சம் ரூபாயை நம்பி, 360 சதுர அடியில், ஐப்பசி மழைக்கு ஒழுகாத ஒரு கூரை. அவ்வளவுதான் அவர் கண்ட கனவு. அவர் பெயர் எதற்கு? அந்த ஒன்றியத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் அவரைப் போன்ற ஒருவரைக் காணலாம்.

தளம் போடும் நாள் நெருங்குகிறது. கொத்தனார் கேட்கிறார்:

“மாமா, இன்னும் பத்து மூட்டை வேணும். நாளைக்கே வாங்கிப் போட்டுடுங்க.”

“போன வாரம் ஒரு விலை சொன்னான், இந்த வாரம் ஒரு விலை சொல்றானே மாப்ளே! கடைக்காரனைக் கேட்டா, ‘நான் என்ன பண்றது, மேலே ஏத்திட்டாங்க’ங்குறான்.”

“மேலேன்னா யாரு மாமா?”

மாமாவுக்கு விடை தெரியவில்லை. கடைக்காரருக்கும் தெரியாது. அவர் ‘மேலே’ என்று சொல்லும்போது கை வானத்தைக் காட்டுகிறது! மழையைப்போல, வெயிலைப்போல, விலையும் வானத்திலிருந்து இறங்குவதாக நாட்டு மக்களில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ‘மேலே’ என்பது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது வீண் வேலை அல்ல. ஏனென்றால், தா.பழூர்க்காரர் ஜெயங்கொண்டம் தொகுதிக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினரையும், சிதம்பரம் தொகுதிக்கு ஒரு பாராளுமன்ற உறுப்பினரையும் தம் விரலில் மை வைத்து அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார். அவர் அனுப்பியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம்தான் ‘மேலே’ என்றால் கவலையில்லை. வேறு இடம் என்றால்?

சிமெண்ட் வெளிநாட்டிலிருந்து வரும் பண்டமல்ல. அரியலூர் மண்ணுக்கு அடியில் கிடக்கிறது சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அந்தப் பூமி கடலாக இருந்தது. கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து கல்லாயின. எந்த முதலாளியும் அதை உண்டாக்கவில்லை, எந்தக் கம்பெனியும் அதை விதைக்கவில்லை. தோண்டி எடுக்க வந்தார்கள், அவ்வளவே. ரெட்டிப்பாளையத்தில் அல்ட்ராடெக், கோவிந்தபுரத்தில் ராம்கோ, கீழப்பழுவூரில் செட்டிநாடு, தாமரைக்குளத்தில் டால்மியா, தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ் என்று ஆலைகள் எழுந்தன. அரசின் ஆலையும் அரியலூரில் 1979 முதல் உண்டு. கல் நம்முடையது. கல்லைச் சுமந்து செல்லும் லாரியின் புழுதி நம்முடையது. தோண்டி முடித்த பள்ளத்தில் தேங்கும் நீரும் நம்முடையது. விலை மட்டும்?

இந்த வட்டாரத்துக்கு இது புதிய கேள்வி அல்ல. 1939இல் டால்மியா கம்பெனியின் சிமெண்ட் ஆலை வந்தபோது, கல்லக்குடி என்ற ஊரின் பெயரே ‘டால்மியாபுரம்’ ஆகிவிட்டது. ஆலை வைத்தவர் ஊருக்குப் பெயரும் வைத்தார்! 1953 ஜூலையில் அந்தப் பெயரை எதிர்த்து இளைஞர்கள் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தார்கள், சிறை சென்றார்கள். பின்னர் ரயில் நிலையத்தில் கல்லக்குடி என்ற பெயர் ஏறியது. பெயர்ப் பலகையை மீட்டோம், மகிழ்ச்சி. விலைப் பலகையை யாரும் மீட்கவில்லை.

அந்த நாளில் மேடைதோறும் ‘டாட்டா, பிர்லா’ என்று முழங்குவார்கள். கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள், இது ஏதோ மேடைப் பேச்சின் அலங்காரம் என்று எண்ணின. அலங்காரம் அல்ல என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டது. ஐந்தாண்டுத் திட்டங்களால் பெருகிய வருமானம் யார் வீட்டுக்குப் போயிற்று என்று கண்டறிய 1960இல் பேராசிரியர் மகாலனோபிஸ் தலைமையில் ஒரு குழு வைத்தார்கள். அடுத்து, ஏகபோகத்தை ஆராய நீதிபதி தாஸ்குப்தா தலைமையில் ஒரு கமிஷன். 1965இல் அந்தக் கமிஷன் எழுதியது: 75 முதலாளிக் குடும்பங்களின் கையில், வங்கிகள் நீங்கலான தனியார் கம்பெனிச் சொத்தில் 46.9 விழுக்காடு. வரிசையில் முதலிடம் டாட்டா, அடுத்த இடம் பிர்லா. அந்த அறிக்கையின் விளைவாக 1969இல் ஏகபோகத் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கும் பிற்காலத்தில் விடை கொடுத்துவிட்டார்கள். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அதன் இடத்தில் உட்கார்ந்தது. பெரிதாக இருப்பது இப்போது குற்றமல்ல, பெரிதாக இருப்பதைத் தவறாகப் பயன்படுத்தினால்தான் குற்றம் என்பது புதிய சட்டத்தின் வழி.

சரி, அந்தப் புதிய சட்டத்தின்படியே பார்ப்போம். 2012 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம் நாட்டின் பெரிய சிமெண்ட் கம்பெனிகள் மீது தீர்ப்பளித்தது. அவர்கள் தமக்குள் கூடி, விலையையும் வெளிவிடும் சரக்கின் அளவையும் கட்டுப்படுத்தினார்கள் என்று சொல்லி, 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வழக்கு திரும்பிப் போய், 2016இல் மீண்டும் அதே முடிவு வந்தது. 2018இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். தா.பழூர்க்காரர் மூட்டைக்குக் கூடுதலாகக் கொடுத்த பத்து ரூபாய்க்கு ‘ஸ்டே’ வாங்க முடியாது. கடைக்காரர் கேட்ட அன்றே கொடுத்தாக வேண்டும். கோடிக்கணக்கில் அபராதம் விதிக்கப்பட்டவர்களுக்கோ ஆண்டுக்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது.

அதற்குள் என்ன ஆயிற்று? கூடிப் பேசி விலை வைத்தார்கள் என்பதுதானே குற்றச்சாட்டு? கூடிப் பேச வேண்டிய அவசியமே குறைந்துகொண்டு வருகிறது! 2022இல் அம்புஜாவையும் ஏசிசியையும் அதானி குழுமம் வாங்கியது. 2024 டிசம்பரில் பிர்லா குழுமத்தின் அல்ட்ராடெக், இந்தியா சிமெண்ட்ஸைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. அரியலூர் மாவட்டத்தை வைத்துச் சொன்னால், ரெட்டிப்பாளையமும் தளவாயும் இரண்டு வெவ்வேறு முதலாளிகளின் ஆலைகளாக இருந்தவை, இன்று ஒரே குழுமத்தின் கைக்குள். 1965இன் அறிக்கையில் இரண்டாம் இடத்தில் இருந்த பெயர் செந்துறைப் பக்கத்துக் கல்குழிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ‘மேலே’ என்ற இடத்தின் முகவரி இப்போது கொஞ்சம் தெரிகிறதல்லவா?

விலையில் ஒரு பங்கு வரி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சிமெண்டுக்கு 28 விழுக்காடு. ஆடம்பரக் காருக்கும் அதே வரிசை, குடிசை மாற்றிக் கட்டும் கூரைக்கும் அதே வரிசை. 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் இலாபத்துக்கான வரியை 22 விழுக்காடாகக் குறைத்தார்கள். கூடுதல் வரிகளைச் சேர்த்தாலும் 25க்குச் சற்று மேல்தான். அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று சொன்னவர் நிதி அமைச்சரேதான். ஆக, 2019 முதல் 2025 செப்டம்பர் வரை, மூட்டை வாங்கிய தா.பழூர்க்காரர் 28 கட்டினார், மூட்டை விற்றவர் தம் இலாபத்தில் 22 கட்டினார். வரித்துறைப் பண்டிதர்கள் உடனே ஓடி வருவார்கள்: “ஐயா, அது பொருளின் மீது, இது இலாபத்தின் மீது, இரண்டையும் ஒப்பிடுவது தப்பு.” தப்பாகவே இருக்கட்டும். இரண்டும் ஒரே கஜானாவுக்குத்தானே போகின்றன? எந்தத் தோளில் பாரம் ஏறிற்று, எந்தத் தோளில் இறங்கிற்று என்பதைப் பார்க்கப் பாண்டித்தியம் வேண்டியதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் வரி 18 ஆகக் குறைந்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் குறைந்த பத்து விழுக்காடு எத்தனை நாள் வாங்குபவர் பையில் தங்கும், எப்போது மெல்ல அடிப்படை விலைக்குள் நுழைந்துவிடும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் டெல்லியில் இருக்கும் அமைச்சரிடம் இல்லை.

இதே மனிதர் வாங்குபவர் மட்டுமல்லர், விற்பவரும்கூட. கொள்ளிடத்துப் பாசனத்தில் நெல், மேட்டு நிலத்தில் பருத்தி. நெல்லுக்கு 2025–26 பருவத்தில் மத்திய அரசு வைத்த விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில அரசு ஊக்கத்தொகை சேர்த்து 2,500 ஆக்கியது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொள்முதல் நிலைய வாசலில் நிற்கும்போது, ஈரப்பதம் பார்த்து விலையைச் சொல்பவர் எதிரே இருப்பவர், விளைவித்தவர் அல்லர். பருத்தியைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில், வெளிநாட்டுப் பருத்திக்கு இருந்த 11 விழுக்காடு இறக்குமதி வரியை நீக்கினார்கள். முதலில் செப்டம்பர் இறுதிவரை என்றார்கள், பிறகு அவ்வாண்டு இறுதிவரை நீட்டினார்கள். அமெரிக்கா போட்ட தீர்வையால் திருப்பூர் தவித்தது உண்மை. அங்கே வேலை செய்வோரும் நம்மவர்கள்தாம், அவர்களுக்கு உதவி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆலைகளின் சங்கம் டெல்லிக்குப் போய்த் தம் குறையைச் சொன்னது, காரியம் நடந்தது. தா.பழூர்ப் பருத்திக்காரருக்கு எந்தச் சங்கம் டெல்லிக்குப் போயிற்று?

விற்கும்போதும் விலை அவர் வாயிலிருந்து வருவதில்லை, வாங்கும்போதும் அவர் வாயிலிருந்து வருவதில்லை. சிமெண்ட் கம்பெனிக்கு இந்தத் துன்பம் இரண்டு பக்கமும் இல்லை.

“ஐயா, நீங்கள் ஒப்பாரி வைக்கிறீர்கள். தா.பழூர் கடைவீதிக்குப் போய்ப் பாருங்கள். கைக்குக் கை செல்பேசி, வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள். மதனத்தூர் பாலத்தைத் தாண்டிக் கும்பகோணம் போய்ப் பட்டு எடுக்கிறார்கள். மக்கள் செலவழிக்கிறார்கள். வறுமை எங்கே?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் உண்மையும் உண்டு. மத்திய அரசின் 2022–23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரி 5,310 ரூபாய். அகில இந்தியக் கிராமச் சராசரியோ 3,773தான். பள்ளியும், சத்துணவும், ரேஷன் அரிசியும், சங்கங்களும் நம்மை அந்த அளவுக்குத் தூக்கியிருக்கின்றன. இல்லை என்று யார் சொன்னது?

அதே கணக்கெடுப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. இந்தியக் கிராமங்களில் அடித்தட்டில் உள்ள நூற்றுக்கு ஐந்து பேர் மாதம் 1,373 ரூபாயில் காலம் தள்ளுகிறார்கள், மேல்தட்டு ஐந்து பேர் 10,501 செலவிடுகிறார்கள். ஏறத்தாழ ஏழரை மடங்கு. 1963 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் டாக்டர் லோகியா எழுந்து, 27 கோடி மக்கள் நாளொன்றுக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள் என்றார். நேரு பதினைந்தணா என்றார். நாடே அந்த அணாக் கணக்கைப் பேசியது. இன்று 1,373 என்ற எண்ணை அரசே அச்சிட்டுத் தருகிறது. எந்த அவையும் கலங்கவில்லை.

நாம் சொல்ல வந்தது அதைவிட முக்கியமானது. செலவைக் கொண்டு செல்வத்தை அளக்கக்கூடாது! ஏழை வருவதையெல்லாம் செலவழிக்கிறான், பற்றாக்குறைக்குக் கடன் வாங்கியும் செலவழிக்கிறான். குழுக் கடன் வசூலிக்க வருபவர்கள் வாசலில் நின்று பெண்களை அவமதிக்கும் கொடுமையைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. கோடீஸ்வரரோ எவ்வளவு தின்றாலும் ஒரு வயிறுதான். அவர் செலவு போக மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சம் பங்காகிறது, ஆலையாகிறது, பத்திரிகையாகிறது, தொலைக்காட்சியாகிறது. செலவில் ஏழரை மடங்காகத் தெரியும் இடைவெளி, சொத்தில் என்னவாகிறது? உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் பொருளாதார அறிஞர்கள் 2024இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது: 2022–23இல் இந்தியாவின் மொத்தச் சொத்தில் 40.1 விழுக்காடு, நூற்றில் ஒரு பங்கினரின் கையில். அடித்தட்டிலுள்ள பாதி மக்களிடம் 6.4 விழுக்காடு. தா.பழூர்க் கடைவீதியில் வாங்குவோர் கூட்டம் அலைமோதட்டும். வாங்குகிற கையில் அதிகாரம் இல்லை, வாங்கக் கொடுத்த காசு போய்ச் சேர்கிற பெட்டியில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்ட நிதி அமைச்சர் ஒருவர் இருந்தார், அவரும் தமிழ்நாட்டுக்காரர், அவரும் முதலாளிதான்! டி.டி.கிருஷ்ணமாச்சாரி. 1957இல் கால்டர் என்ற ஆங்கிலப் பொருளாதாரப் பேராசிரியரின் யோசனைப்படி செல்வ வரி போட்டார். கூடவே, அளவுக்கு மேல் செலவழிக்கும் பணக்காரர் மீது செலவு வரியும் போட்டார். ஏழையின் செலவுக்கு அல்ல, சீமானின் செலவுக்கு! அந்த வரி 1962இல் போயிற்று, 1964இல் அவரே திரும்பக் கொண்டுவந்தார், 1966இல் நிரந்தரமாக மறைந்தது. இறந்தவர் விட்டுச் செல்லும் பெருஞ்சொத்தின் மீதான வரி 1985இல் மறைந்தது. செல்வ வரி 2015 பட்ஜெட்டில் மறைந்தது. மறையாமல் நிற்பது தா.பழூரில் சோப்புக் கட்டிக்கும் மூட்டைக்கும் போடும் வரி. (டி.டி.கே. 1958இல் பதவி இழந்தது முந்திரா விவகாரத்தில். பொதுமக்களின் ஆயுள் இன்ஷூரன்ஸ் பணம் ஒரு வியாபாரியின் கம்பெனிகளுக்குப் போன கதை அது. சிறுகச் சிறுகச் சேர்ந்த ஏழையின் காசு எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.)

இனி, பெட்டியில் சேர்ந்த காசு ஆட்சியைத் தேடி எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். 1957இல் டாட்டா இரும்புக் கம்பெனி, அரசியல் கட்சிக்கு நன்கொடை கொடுக்க அனுமதி கேட்டு நீதிமன்றம் சென்றது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா அனுமதியைத் தடுக்கவில்லை. ஆனால் இது ஜனநாயகத்தையே நெரித்துவிடக் கூடிய ஆபத்து என்று எச்சரித்துப் பாராளுமன்றத்தின் கவனத்துக்கு விட்டார். 1969இல் கம்பெனி நன்கொடைக்குத் தடை வந்தது. 1985இல் தடை நீங்கியது. 2017இல், இலாபத்தில் இத்தனை விழுக்காடுதான் கொடுக்கலாம் என்றிருந்த வரம்பையும் எடுத்தார்கள். 2018இல் தேர்தல் பத்திரம் வந்தது. யார் கொடுத்தார் என்று மக்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது என்பது சட்டம்! 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

பட்டியல் வெளியே வந்தது. வாங்கியவர்களில் முதலிடம் எந்த இரும்பாலைக்கும் அல்ல, எந்தச் சிமெண்ட் ஆலைக்கும் அல்ல. சிமெண்ட் கம்பெனிகளும் பட்டியலில் உண்டு, ஆனால் அவை பின்னால். முதலிடம் கோவையைச் சேர்ந்த ஒரு லாட்டரிக் கம்பெனிக்கு: ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய்! தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இலேயே தடை. வேறு மாநிலங்களில், அன்றாடங்காய்ச்சி தன் கூலியில் கிள்ளிக் கொடுத்த காசு அது. அதில் திரிணாமூல் காங்கிரசுக்கு 500 கோடிக்கு மேல், தி.மு.கழகத்துக்கு 500 கோடிக்கு மேல். பத்திரங்களின் மொத்தத் தொகையில் ஏறத்தாழ பாதி பாரதீய ஜனதா கட்சிக்கு. சீட்டு வாங்கியவருக்கு அதிர்ஷ்டம் அடித்ததோ இல்லையோ, சீட்டு விற்றவருக்குக் கட்சிகளின் கதவு திறந்தது. ஒன்றோடொன்று மோதும் கட்சிகளின் கணக்குப் புத்தகத்தில் ஒரே கம்பெனியின் பெயர் வருகிறது. தோற்பவர் யாராக இருந்தாலும், அந்தக் கம்பெனி தோற்காது. தா.பழூர் வாக்காளரால் அப்படி இரண்டு பக்கமும் வாக்களிக்க முடியுமா? போட்டால் செல்லாத ஓட்டு!

இதனால் ஓட்டு வீண் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவன் கோடீஸ்வரனுக்குக் கூலியில்லாமல் வேலை செய்கிறான். கல்லக்குடிப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது ஓட்டு. ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரிக்காக எடுத்த நிலங்கள், திட்டம் வராமல் கால் நூற்றாண்டாக முடங்கிக் கிடந்தன. அந்த நிலத்தை உரியவருக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது, விடாமல் போராடிய உழவர்களின் ஓட்டுக்கு அஞ்சித்தான். 2015இல் தனியார் மூட்டை முந்நூறுக்கு மேல் விற்றபோது, அம்மா சிமெண்ட் என்று 190 ரூபாய்க்கு அரசு விற்றது. 2021இல் அரசின் டான்செம் நிறுவனம் ‘வலிமை’ சிமெண்டைக் கொண்டுவந்தது. இரு கழகங்களும் இதில் ஒரே பாதையில் நடந்தன. அந்தச் சரக்கு எல்லார்க்கும் எட்டும் அளவுக்குப் பெருகவில்லை என்பதுதான் குறை. அரியலூரில் அரசுக்குச் சொந்தமான கல்லும் ஆலையும் இருக்கும்போது, அது சந்தை விலையைப் பின்தொடரும் ஆலையாக இருப்பதா, சந்தை விலையைப் பிடித்து நிறுத்தும் ஆலையாக இருப்பதா என்பது சட்டமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

வேறு சிலவும் கேட்கலாம். எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை, கொடுத்த மாதமே, ஆலை இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லலாம். செல்வ வரியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லலாம். கொண்டு வந்தால் முதலாளிகள் ஓடிவிடுவார்கள் என்பார்கள். சுண்ணாம்புக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் தெருவுக்கு விளக்கும் சாலைக்குத் தாரும் கேட்பதோடு நிற்காமல், இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பார்க்கட்டும் தா.பழூர். பதில் எப்படி வருகிறது என்பதைக் கொண்டே, வந்தவர் யாருடைய ஆள் என்று தெரிந்துவிடும்.

தளம் போடும் நாள் வெள்ளிக்கிழமை என்று குறித்திருக்கிறார்கள். கம்பி கட்டி முடிந்தது. மனைவியின் குழுவில் இன்னும் இருபதாயிரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பத்து மூட்டைக்கு இன்று விலை என்ன என்று கடைக்குப் பேசினார் மாமா. நாளைக் காலையில்தான் சொல்ல முடியுமாம், மேலே இருந்து இன்னும் விலை வரவில்லையாம்.